செவலைப் பசுவும் சந்தனப் பொட்டும்

தொழிற்பயிற்சி நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குப் புறப்படுகிறவன் வீட்டில் கறவை மாடு இருக்கக் கூடாது. இருந்தால் ஆபத்து மாட்டுக்குத்தான். (எங்கள் செவலையைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.)

நான் இளவட்டமாகத் திரிந்த காலம். பொகவந்தலாவைக்கு மேலே நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் ரோடு வெட்ட ஒரு புல்டோசர் வாங்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். அந்த வேலைக்குக் கொழும்பில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு ஆறுமாதப் பயிற்சி நடத்தினார். தோட்டமே செலவு செய்து அனுப்பக் கூடாதா என்று அப்பா கேட்டதற்குப் பெரிய கிளாக்கர் ஒரு நியாயம் சொன்னார்.

"மெஷின வாங்குனா அது இங்கயே கெடக்கும். ஆளப் படிக்க வச்சா, படிச்சதத் தூக்கிக்கிட்டு அடுத்த தோட்டத்துக்கு ஓடிருவான். நட்டம் யாருக்கு?"

ஆகவே மெஷினுக்குத் தோட்டம் செலவழிக்கும், அதைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு அவன் அப்பன் செலவழிப்பான் என்று முடிவாயிற்று. திரும்பி வந்து தோட்டத்து மேனேஜர் துரை முன்னால் ஒரு நாள் டோசரைப் பழுதில்லாமல் ஓட வைத்துக் காட்டிவிட்டால் வேலை நிரந்தரம்.

எங்கள் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், செவலையை விற்கலாமா என்று வழக்கு நடந்தது. "நாந்தான் கவ்வாத்துக் கத்தியோட கெடந்து சாகுறேன். இவனாச்சும் மெஷின் புடிக்கட்டும்" என்றார் அப்பா.

"செவல காலையிலயும் அந்தியிலயும் பால் குடுக்குது. ஒங்க மெஷினு என்னா குடுக்கும்?" என்றாள் அம்மா.

"பொறுத்துக்கம்மா. வேல கெடச்சதும் ரெண்டு செவல வாங்கித் தாறேன்" என்றேன். வாக்குக் கொடுக்க அப்போது எனக்குக் காசு எதுவும் செலவாகவில்லை.

செவலை விலைபோய், பஜாரில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முதலாளியின் தொழுவத்துக்குப் போனது. எங்கள் வீட்டில் அன்றிலிருந்து பாலில்லாத சாயத்தண்ணி.

ஆறு மாதம் கழித்து ஒரு சர்ட்டிபிகேட்டும், நீலக் கால்சட்டையும், தாங்க முடியாத தலைக்கனமுமாக வந்து இறங்கினேன். 'சிஸ்டம்' என்ற சொல் இல்லாமல் எனக்கு வாய் திறக்காது. அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தபோது, "ஏர் சிஸ்டம் சரியில்லம்மா" என்றேன். அந்த ஊதுகுழலாலேயே முதுகில் ஒன்று கிடைத்தது.

சோதனை நாள் வந்தது. எங்கள் பக்கம் மெஷின்களுக்குக் காவல் தெய்வம் ரோதமுனி. அவருக்குப் படைக்காமல் எந்தச் சக்கரமும் சுற்றாது. தேயிலை ஃபேக்டரிப் பூசாரி டோசரின் முகப்பில் ஒரே ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மூஞ்சிக்கு மட்டும் வச்சாப் போதுமா? உயிர்நிலை எல்லாம் வேற எடத்துல இருக்கு!"

சந்தனக் கிண்ணத்தை வாங்கி நானே ஏறினேன். எண்ணெய்க் குழாய்க்கு, பில்டருக்கு, கியர் கம்பிக்கு என்று பெயர் சொல்லிச் சொல்லிப் பூசினேன். கடைசியாக டீசல் டாங்கி மூடி. "இதுதான் இதுக்கு வாய்" என்று கூட்டத்துக்கு விளக்கி, மிச்சச் சந்தனத்தை வழித்து அதன்மேல் அப்பினேன்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள், டோசர் உறுமிக்கொண்டு மண்ணைத் தள்ளியது. கொஞ்ச தூரம் போய், இருமி, நின்றது.

துரை ஜீப்பில் சாய்ந்து பைப் புகைத்துக்கொண்டிருந்தார். நான் அலட்டிக்கொள்ளாமல் டாங்கி மூடியைத் திறந்து, குச்சி விட்டுப் பார்த்தேன். டீசல் இருந்தது. மூடினேன். பில்டரைக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். ஓடியது! "பில்டர் சிஸ்டம்" என்று அறிவித்தேன். நின்றது. மறுபடியும் மூடியைத் திறந்து பார்த்து மூடி, குழாயைக் கழற்றி ஊதிப் பூட்டினேன். ஓடியது. "பைப் சிஸ்டம்" என்றேன். உடனே நின்றது. கொஞ்ச நேரத்தில், கொழுந்தெடுக்கப் போகையில் அம்மா இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கின்மேல் டோசரில் பாதி பரப்பிக் கிடந்தது. துரையின் பைப் அணைந்துவிட்டது.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிட்டு, நீலக் கால்சட்டையில் கையைத் துடைத்தேன். இரண்டு செவலைகளும் என் கண்ணெதிரே ஆற்றோடு போய்க்கொண்டிருந்தன. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து டோசரில் ஏறினாள்.

"முனியப்பா, எம்புள்ள மானத்தக் காப்பாத்து!"

டாங்கி மூடியில் இருந்த சந்தனம் முழுவதையும் நகத்தால் சுரண்டி என் நெற்றியில் பட்டையாக இழுத்தாள். "இப்ப முடுக்குடா."

முடுக்கினேன். ஓடியது. வளைவு வரை ஓடி, திரும்பி வந்து, பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. "ரோதமுனி எறங்கிட்டாரு!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அப்போதுதான் மூடியைப் பார்த்தேன். சந்தனம் இருந்த இடத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அது வழியாகக் காற்று உள்ளே போனால்தான் டீசல் கீழே இறங்கும். நான் மூடியைத் திறந்த போதெல்லாம் காற்று போயிருக்கிறது, கொஞ்சம் ஓடியிருக்கிறது. இது பயிற்சியில் முதல் வாரப் பாடம். சரியாகப் பதில் சொல்லி நான் கைதட்டல் வாங்கிய பாடம்.

புத்தியுள்ளவன் ரோதமுனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையை வாங்கியிருப்பான். நான் படித்தவன் ஆயிற்றே! துரையிடம் போய் ஏர் சிஸ்டத்தை விளக்கினேன்.

"சந்தனம் யார் வெச்சான்?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார் துரை.

"நாந்தாங்க தொர."

"அங்கே ஓட்டை இருக்கு, வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க. நான் மட்டுந்தாங்க படிச்சவன்."

துரை ஜீப்பை எடுக்கச் சொன்னார். பெரிய கிளாக்கர் பெருமூச்சு விட்டார். "நல்லவேள, தோட்டத்துச் செலவுல அனுப்பல."

டோசருக்குக் கொழும்பிலிருந்து வேறு ஆள் வந்தான். எனக்கு ஃபேக்டரியில் எண்ணெய் போடும் வேலை கிடைத்தது. அதில் ரெண்டு செவலை என்ன, ஒரு கன்றுக்குட்டிகூட வாங்க முடியவில்லை. பஜாருக்குப் போகும்போதெல்லாம் அம்மா அந்தக் கடைத் தொழுவத்தருகே நின்று செவலையின் நெற்றியைத் தடவிவிட்டு வருவாள். அதைப் பார்க்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வராது.

போகப் போக ஃபேக்டரி மெஷின்கள் எல்லாம் என் பொறுப்பில் வந்தன. எது நின்றாலும் முதலில் மூடியைத்தான் பார்ப்பேன். பயிற்சியால் கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

அம்மா தன் கணக்கைக் கடைசிவரை மாற்றவில்லை. "ஒரு பசுவ வித்து ஒரு ஓட்டையப் பாத்துட்டு வந்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கடையில் வாங்கிய பாலில் தேத்தண்ணியும் எனக்கு மட்டும் சாயத்தண்ணியும் கொடுப்பாள். அம்மாவுக்குப் பிறகு என் மனைவி அந்த வழக்கத்தைப் பத்திரமாகக் காப்பாற்றினாள். இப்போது பேத்தியின் முறை. நேற்றுகூட, கொஞ்சம் பால் ஊற்றினால் என்ன என்று கேட்டேன்.

"ஓட்டையக் கறந்துக்கங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.