மேசை கோணல்

"மேசை இடது பக்கம் சாயுது," என்றார் சாம்பியன். சொன்னவர் கோலை ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். குழியே இல்லாத பில்லியர்ட்ஸ் மேசை, மூன்றே பந்துகள். தன் பந்து மூன்று தடவை ஓரத்தில் மோதித் திரும்பி மற்ற இரண்டையும் தொட வேண்டும். மேசை மயிரிழை சாய்ந்தாலும் போச்சு. அந்த மயிரிழைக்குப் பொறுப்பு மேசை மிஸ்திரி.

மிஸ்திரி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

"சாயலீங்க. நீங்களே பாருங்க."

"குமிழியாய்யா உலக சாம்பியன்?" என்று பல்லைக் கடித்தார் போட்டி இயக்குநர். "அவர் சாயுதுன்னா சாயுது!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் இவர் நாலு தடவை கோப்பையைத் தூக்கியவர். இவருக்கு ஆடத் தெரியாதென்று எந்த வாயால் சொல்வது? இருபத்திரண்டு வருடத்தில் மிஸ்திரி வைத்த மட்டத்தை ஒருத்தர் குறை சொன்னதில்லை. வேறு வழியில்லாமல் அவர் ஜாக்கியோடு மேசைக்கடியில் நுழைந்தார்.

மேசைக் காலிலுள்ள திருகைத் தொட்டால் மறுபடி மட்டம் பிடிக்க அரை நாள் ஆகும். காலையில் மேடைப் படியில் பொறுக்கிய அரைவட்ட ரப்பர் துண்டு ஒன்று சட்டைப்பையில் இருந்தது. எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் அவருக்கில்லை. அதை இடது பக்கக் காலுக்கு அண்டை கொடுத்தார்.

"இப்ப தேவலை," என்றார் சாம்பியன்.

அதுவரை வாயே திறக்காத எதிராளி ஒரே ஒரு அடி அடித்தார். "வலது பக்கம் ஓடுதே!"

வலது பக்கக் காலுக்கு அடியில் ஓர் அட்டை போனது.

"மறுபடி இடது!" என்றார் சாம்பியன்.

இடது பக்கம் இரண்டு அட்டை போனது. நடுவர் வெள்ளைக் கையுறையோடு சிவப்புப் பந்தைப் புள்ளியில் வைத்துக் கையை எடுத்தார். பந்து யாரையும் கேட்காமல் மெதுவாக உருண்டு மூலைக்குப் போனது. அரங்கம் கொல்லென்று சிரித்தது. மிஸ்திரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கால் மணி நேரம் இடைவேளை," என்று அறிவித்த இயக்குநர் மிஸ்திரியின் காதருகே குனிந்தார். "அதுக்குள்ள சரியாகலேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதீங்க."

ஆட்டக்காரர்கள் உள்ளே போனார்கள். மேசைக்கடியில் மல்லாந்து படுத்த மிஸ்திரிக்கு வீம்பு வந்துவிட்டது. போகிற வேலை மரியாதையோடு போகட்டும். அட்டைகளை உருவினார், ரப்பரையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டார். ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது.

"இனிமே என் மேசையை எவனும் தொடக்கூடாது," என்றார். அங்கே எவனும் இல்லை.

இடைவேளை முடிந்தது. சாம்பியன் குனிந்தார், அடித்தார், நிமிர்ந்தார். மிஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

"அருமை! இப்பத்தான்யா மேசை!"

அதன்பின் சாம்பியனை யாராலும் நிறுத்த முடியவில்லை. எதிராளியும் குறை சொல்லவில்லை. ஐந்தாவது கோப்பை. இயக்குநர் ஓடிவந்து மிஸ்திரியைக் கட்டிக்கொண்டார்.

"என்னய்யா மாயம் பண்ணுனீங்க?"

"ஒண்ணுமே பண்ணலீங்க."

"பாருங்க, இதுதான் தன்னடக்கம்!"

மிஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருடத்து மானம் பிழைத்ததே, அது போதும் என்று ரசமட்டத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அப்போது சாம்பியனின் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டே தேடிவந்தார். கையில் ஒற்றை ஷூ.

"அண்ணே, இந்தப் பக்கம் ரப்பர் துண்டு ஏதாவது கெடந்துச்சா? காலையில படியேறும்போது இவரோட இடது ஷூ குதிகால் கழண்டு விழுந்திருக்கு. இடைவேளையில நான் பார்த்து வேற ஷூ மாட்டிவிடுற வரைக்கும் மனுஷன் ஒரு பக்கமா சாஞ்சேதான் ஆடியிருக்காரு!"