கற்பூர யூனிட்டில் பதினாறு மொட்டை

டைரக்டர் பத்து மணிக்குத் திருத்தணி வருகிறார் என்ற தந்தி சிறுதொழில் ஆபீசர் ஆதிகேசவன் கைக்கு வந்தபோது மணி எட்டரை. ஆடிக் கிருத்திகை தரிசனத்துக்கு வருகிற மனுஷர், இன்ஸ்பெக்‌ஷன் என்று போட்டால் ஜீப்புக்கு டீசல் கிடைக்கும் என்பதால், பரந்தாமனின் கற்பூர யூனிட்டையும் பார்க்கிறாராம். அது மூடி ஒரு வருஷம்.

சிறுதொழில் ஆபீசில் மாத அறிக்கைக்கு ஒரு முறை உண்டு. போன மாதத்து அறிக்கையைப் பார்த்தெழுதி, முன்னேற்றம் தெரிய ஓர் ஆளைக் கூட்ட வேண்டும். நாலு பேரோடு மூடிய யூனிட்டில் இப்போது பதினாறு பேர் உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

மெட்ராஸில் மனைவி காஞ்சனா நிறைமாதம். மாற்றல் கேட்டு ஆதிகேசவன் நாலு மனு போட்டாயிற்று. டைரக்டர் மனசு வைத்தால்தான் உண்டு. இந்த நேரத்திலா மாட்டிக்கொள்வது?

பரந்தாமனிடம் ஓடினார். கொட்டகையில் ஆடுகள் நின்றன.

"ஆட்ட அவுத்துடலாங்க. ஆளுக்கு எங்க போறது? ஊரே காவடி எடுத்துகினு மலை மேல இருக்குது" என்றான் பரந்தாமன்.

பஸ் ஸ்டாண்டில் பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர்கள் முடி இறக்கிவிட்டு ஊர் திரும்ப நின்றார்கள். சாப்பாடு உண்டு என்று சொல்லிப் பதினாறு பேரைக் கூட்டிவந்தார். கடைக் கற்பூரத்தை வாங்கி, பொட்டலம் பிரித்து, மறுபடி மடிக்கச் சொன்னார்.

டைரக்டர் வரதராஜன் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னய்யா, எல்லாரும் மொட்டை?"

"கற்பூரம் சட்டுனு பத்திக்கும் சார். முடி இருந்தா ஆபத்து. பாதுகாப்பு ஏற்பாடு" என்றார் ஆதிகேசவன்.

டைரக்டர் அதைக் குறித்துக்கொண்டார். வீரபத்திரன் என்ற நெசவாளியிடம் எப்போதிலிருந்து வேலை செய்கிறாய் என்று கேட்டார்.

"ஒம்போது மணியிலேர்ந்துங்க."

நேரம் தவறாத தொழிலாளர்கள் என்று அதையும் குறித்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, "இது இனிமே வேண்டியதில்லை" என்று நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு மலைக்கு நடந்தே கிளம்பினார்.

தன்மேல் யாரோ எழுதிய புகார்தான் ஒழிந்தது என்று ஆதிகேசவனுக்குப் போன உயிர் வந்தது. கொட்டகை வாசலில் நின்ற ஜீப் டிரைவர் நாகராஜனிடம் மெல்லப் போய், மாற்றல் பற்றி ஐயா ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

"இன்னா சார் தெரியாத மாரி கேக்கறீங்க? இங்க ஒரு யூனிட்டும் ஓடல, ஆபீஸ மூடிட்டு உங்கள மெட்ராஸுக்கே கூப்ட்டுக்கலாம்னு கையெழுத்துப் போட்டு எடுத்துகினு வந்தாரே, அந்த ஆர்டரத்தான் இப்போ கிழிச்சாரு."