இழையைச் சுற்றிய தண்ணீர்

நம் பேச்சை ஓர் ஊரே அசையாமல் உட்கார்ந்து கேட்கிறது என்றால் சந்தோஷப்படக் கூடாது, பயப்பட வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில், என் தம்பியின் கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டுத்தான் இதை நான் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் சென்னையில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. டி.என்.ஏ.வில் நான்கு வகைக் காரங்கள் உண்டு. அவற்றில் குவானின்தான் சுலபமாக எலக்ட்ரானைப் பறிகொடுக்கும். அதற்கு ஆக்சிஜனேற்றம் என்று பெயர். சுற்றியிருக்கும் தண்ணீரால் அந்தப் பறிகொடுத்தல் எப்படி மாறுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. (உலகத்தில் வேறு எதுவும் முக்கியமில்லை என்பது அன்றைய என் அபிப்பிராயம்.)

எங்கள் வீட்டில் பட்டுத் தறி ஓடியது. அதில் நெய்தவன் தம்பி குமரன். அவனும் சாயப்பட்டறை ஏகாம்பரத்தின் மகள் வளர்மதியும் ஒருவரையொருவர் விரும்பி, நெடுநாள் அழுது புரண்டு, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. ஏகாம்பரம் நல்ல மனிதர். ஆனால் அவருடைய கிணற்றுத் தண்ணீரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லக் கூடாது. பட்டின் பளபளப்பே அந்தத் தண்ணீரால்தான் என்பார்.

இந்த நேரத்தில் ஊரிலிருந்த அறிவியல் மன்றம் என்னைப் பேச அழைத்தது. எனக்கு அப்போது தமிழ்ப்பற்று உச்சியில் இருந்தது. டி.என்.ஏ. என்று சொல்ல மாட்டேன், மரபிழை என்பேன். ‘மரபிழைச் சேதமும் சுற்றியுள்ள நீரும்’ என்று தலைப்பு கொடுத்தேன். பேனர் எழுதியவர் இடம் போதவில்லை என்று ‘மரபை’ எடுத்துவிட்டார். ‘இழைச் சேதமும் சுற்றியுள்ள நீரும்’ என்று கொட்டை எழுத்தில் கட்டிவிட்டார்கள். காஞ்சிபுரத்தில் இழை என்றால் பட்டு நூல். வேறு அர்த்தம் கிடையாது.

மண்டபம் நிறைந்து, ஜன்னலிலும் ஆள் நின்றது. “போன தபா நட்சத்திரத்தப் பத்திப் பேசினப்போ நாற்காலிதாம்மா இருந்துச்சு” என்றார் மன்றச் செயலாளர், தழுதழுத்த குரலில். எனக்கும் கண் கலங்கியது. குவானினுக்காகத் தமிழ்ச் சமூகம் விழித்துக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். முன்வரிசையில் ஏகாம்பரம் வெள்ளைச் சட்டையோடு, சம்பந்தி வீட்டுப் பெருமையோடு உட்கார்ந்திருந்தார்.

பேனருக்கு ஏற்ப நானும் மரபைச் சுருக்கிக்கொண்டு, “இழையில் நான்கு காரங்கள் இருக்கின்றன” என்று தொடங்கினேன். எல்லாத் தலையும் ஆடியது. (பட்டின் பசையைப் போக்கச் சோடாக் காரத்தில் வேகவைப்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வேலை.)

“அதுல குவானின் சீக்கிரம் கெடும்.”

“அது எந்தக் கடையில விக்கிதுமா?” என்றார் ஒருவர். நகைச்சுவை என்று எண்ணி மனசாரச் சிரித்தேன்.

தண்ணீர் சூழ்ந்திருந்தால் அக்கம்பக்கத்து மின்னேற்றங்களின் தாக்கம் குவானினுக்குப் பெரும்பாலும் குறைந்துவிடும் என்று விளக்கினேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. எலக்ட்ரானை இழந்த குவானினோடு அதே தண்ணீர் போய்ச் சேர்ந்தால் சேதம் நிலைத்துவிடும் என்றேன். அதை எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள்.

“எந்தத் தண்ணிமா? போர் தண்ணியா, கெணத்துத் தண்ணியா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“எந்தத் தண்ணியா இருந்தா என்னங்க, இழைய ஒட்டிக்கினு இருக்குது இல்ல, அந்தத் தண்ணிதான்” என்றேன், ஊர்ப் பாஷையில் பதில் சொன்ன பூரிப்போடு. ஏகாம்பரம் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவசர வேலை போலிருக்கிறது என்று நினைத்து மேலே பேசினேன்.

மறுநாள் காலையில் நெசவாளர்கள் சிலர் அவர் பட்டறையிலிருந்து நூலைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். மதியத்துக்குள் நிச்சயதார்த்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

குமரன் சத்தம் போடவில்லை. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். “அவர முன்வரிசையில உக்கார வெச்சதே நான்தான்கா. எங்க அக்கா பேசுறதக் கேளுங்கன்னு பெருமையா இட்டுக்கினு வந்தேன்” என்றான். அன்று நான் அழுத அழுகை இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

அப்பாவோடு பட்டறைக்குப் போனேன். ஆவி பறக்கும் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று, நான் சொன்னது உடம்புக்குள் இருக்கும் இழை என்று விளக்கினேன்.

“ஒடம்புக்குள்ள இழையா? அதுக்கு யாரு சாயம் போடறது?”

“யாரும் போடறதில்ல மாமா.”

“அப்ப தண்ணி எதுக்கு?”

என் வழிகாட்டிப் பேராசிரியர்கூட அவ்வளவு நேராகக் கேட்டதில்லை. ஏகாம்பரம் பெருமூச்சு விட்டார். “சரி, போவட்டும். எங்க தண்ணி நல்ல தண்ணின்னு அதே மண்டபத்துல சொல்லிடு.”

இங்கே சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். “பரிசோதன பண்ணாம எப்படி மாமா சொல்றது?” என்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

சாயமேற்றிய நூல் கற்றைகளைக் கொம்பில் மாட்டிக்கொண்டிருந்த வளர்மதி திரும்பினாள். “அப்பா, அவங்க எந்தத் தண்ணியப் பாத்தாங்கன்னு கேளுங்கப்பா.”

“கம்ப்யூட்டர் தண்ணி” என்றேன். “கணக்குல மட்டும் இருக்கிற தண்ணி.”

“அப்ப நம்மூர் தண்ணி இல்ல?” என்றார் ஏகாம்பரம்.

“இல்ல மாமா. சத்தியமா இல்ல.”

“அத எழுதிக் குடு. வெறும் காயிதத்துல வேணாம். அந்த ஆராய்ச்சிப் புஸ்தகத்துலயே போடு. புஸ்தகம் கைக்கு வந்ததும் நிச்சயம் வெச்சுக்கலாம்.”

நான் முனைவர் ஆவதற்கு அந்த வருடம் என்னைவிடத் தவித்தவன் குமரன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டு, “எந்த அத்தியாயம்கா?” என்பான். பதிலைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சோடு வைத்துவிடுவான். முன்னுரையின் கடைசி வரியைப் படித்த பேராசிரியர், “இது அவசியமாம்மா?” என்றார். “தம்பி கல்யாணம் சார்” என்றேன். கையெழுத்துப் போட்டார்.

கல்யாணம் நடந்தது. இன்றும் நான் தம்ளரைக் கையில் எடுத்தால், “அண்ணி, இது கணக்குத் தண்ணி இல்ல, தைரியமா குடிங்க” என்பாள் வளர்மதி. மொத்தக் குடும்பமும் சிரிக்கும்.

ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தை ஏகாம்பரம் நகலெடுத்துச் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்கு நடுவே மாட்டினார். ‘இந்த ஆய்வில் பயன்படுத்தப்பட்ட நீர் காஞ்சிபுரத்து நீர் அல்ல’ என்பதன் ஆங்கிலம் அதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். குவானினைப் பற்றி நான் எழுதிய மற்ற பக்கங்களை யாரும் புரட்டியதாகத் தகவல் இல்லை.