உருகிய ஃப்ரிட்ஜும் உறைந்த பங்கும்

ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயர் கஜானா. கம்பெனிக்குக் கட்டடம் இருக்கு, மெஷின் இருக்கு, சம்பளத் தேதிக்குக் கையில் ரொக்கம், அதாவது 'லிக்விடிட்டி', இருக்கா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதில் ஆள் புலி. வீட்டில்தான், பாவம், எலி.

அன்று சாயங்காலம் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் மண்டையைப் போட்டது. சமையலறை முழுக்கத் தண்ணீர்.

"என்னடி இது வெள்ளம்?"

"நீங்க தினமும் பேசுற லிக்விடிட்டிதான். புது ஃப்ரிட்ஜ் வேணும். ரொக்கம்னா இன்னிக்கு மட்டும் தள்ளுபடியாம்."

கஜானாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருந்த சேமிப்பையெல்லாம் ஒரு பொத்தான் கம்பெனிப் பங்கில் போட்டிருந்தார். நல்ல பங்குதான். வாங்கத்தான் ஆளில்லை.

"உன் சர்க்கரை டப்பாவுல ஒளிச்சு வச்சிருக்கியே, அதுல கொஞ்சம்..."

"அது செத்த பணம்னு நீங்கதானே சொன்னீங்க? செத்ததை எதுக்கு எழுப்பணும்?"

வேறு வழியில்லை. பங்குத் தரகனான மச்சினனுக்குப் போன் போட்டார்.

"எல்லாத்தையும் இப்பவே விக்கணும் மாப்ளே!"

"இப்பவேன்னா கஷ்டம் மாமா. அவசரத்தைக் கண்டா விலை படுத்துக்கும். ஒரே ஒரு பார்ட்டி இருக்கு. பாதி விலைக்குக் கேக்குது."

"பாதியா! அநியாயம்டா!"

"பார்ட்டி ரொம்பக் கறார் மாமா. எனக்கே பயம்."

ஒரு மணி நேரத்தில் மச்சினன் நோட்டுக்கட்டோடு வந்து நின்றான். கஜானா எண்ணினார். விரல் பிசுபிசுத்தது. எறும்பு வேறு ஊர்ந்தது. வயிற்றெரிச்சலில் அதையெல்லாம் யார் கவனித்தது? மச்சினன் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு கடைக்கு ஓடினார்.

புது ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. மனைவி காபி கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர் முகம் சுளித்தார்.

"சர்க்கரை எங்கே?"

"நோட்டை எடுக்குறப்போ கொட்டிப்போச்சு. டப்பா காலி."

"காலியா? பணம்?"

"பொத்தான் கம்பெனியில போட்டுட்டேன்."

கஜானா ஃப்ரிட்ஜைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் காசு அவர் கைக்கு வந்து, ஃப்ரிட்ஜாகி, அவள் சமையலறைக்கே போய்விட்டது. பங்கும் அவளுக்கு, ஃப்ரிட்ஜும் அவளுக்கு!

"அடிப்பாவி! நீயா அந்தப் பார்ட்டி?"

"கையில ரொக்கம் இருக்கிறவன்தான் ராஜான்னு சொல்லுவீங்களே. ராணி இருக்கக் கூடாதா?"

"திருப்பிக் குடுத்துடு தாயே!"

"தரேனே. நீங்க வித்த அதே பாதி விலைக்கு. ஆனா இப்பவே, ரொக்கமா. இருக்கா?"

ஆசையாகச் சட்டைப்பையில் கையை விட்டார். எறும்பு கடித்தது.