திருவண்ணாசிகரம்

கட்சியை உடைத்து வந்தவனும் சரி, கம்பெனியை உடைத்து வந்தவனும் சரி, கொள்கைக்காக வந்தேன் என்றுதான் சொல்வான். நம்பாதீர்கள். நானும் ஒரு கம்பெனியை உடைத்துக்கொண்டு வந்தவன். அறிக்கையெல்லாம் விட்டேன். ஆனால் என் கொள்கையில் முக்கால் பங்கு, முதலாளியம்மா அறையில் மட்டும் ஏசி இருந்தது என்பதுதான். (மீதிக் கால் பங்கு, அந்தக் கதவை அவர் சாத்தியே வைத்திருந்தார் என்பது.)

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. லாட்ஜுகளுக்கு மென்பொருள் செய்தோம். ரூம் பதிவு, பில், வருகிறவர்களுக்கு வரவேற்புக் குறுஞ்செய்தி, எல்லாமே தமிழில். அதற்கும் கம்பெனிக்கும் ஒரே பெயர், ‘மலை’. இந்த ஊரில் பிறந்த மென்பொருளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அது ஓப்பன் சோர்ஸ். அதாவது அதன் நிரல், நாங்கள் ‘கோடு’ என்று சொல்வது, முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், தன் கடையில் வைத்து விற்கக்கூடச் செய்யலாம். நிறுவித் தருவதிலும் பழுது பார்ப்பதிலும்தான் எங்களுக்கு வருமானம்.

ஒருநாள் முதலாளி லலிதா மேடம், இனிமேல் எழுதும் புது வசதிகளைத் திறந்து வைக்கப் போவதில்லை, சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் என்று அறிவித்தார். நான் எழுந்து நின்றேன்.

“மேடம், இது ஓப்பன் சோர்ஸுக்கே துரோகம்.”

“சம்பளம் போடணுமே சம்பத்.”

“கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல மேடம்?”

அந்த வாரமே நான், பாஸ்கர், கிருத்திகா மூவரும் ராஜினாமா செய்தோம். மேடம் கெஞ்சுவார், கத்துவார், கேஸ் போடுவேன் என்று மிரட்டுவார் என்று மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தயாரித்து, கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்திருந்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சரி. கோடு இணையத்துலதான் கெடக்கு, எடுத்துக்கோங்க. பேர மட்டும் மாத்திடுங்க, ‘மலை’ங்கறது நம்ம கம்பெனி பேரு. டீ சாப்ட்டுட்டுப் போறீங்களா?”

கோட்டைக் கதவை இடிக்கப் பெரிய மரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே டீயும் தருகிறார்கள். புரட்சிக்காரனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? (குடித்தோம். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள்.)

ரமணாசிரமம் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் வரும் ஒரு காபிக் கடைக்குப் பின்னால் அறை எடுத்தோம். மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு டேபிள் ஃபேன், அதுவும் பாஸ்கர் பக்கம் மட்டுமே திரும்பும். விசிட்டிங் கார்டில் நான் ‘நிறுவனர் மற்றும் தலைமைச் செயல் அதிகாரி’. கம்பெனிக்கும் மென்பொருளுக்கும் ‘சிகரம்’ என்று பெயர் வைத்தேன். மலையைவிட உயர்ந்தது சிகரம் என்பது என் கணக்கு.

“சிகரம்னா அதுவும் மலையோட ஒரு துண்டுதானே?” என்றாள் கிருத்திகா. தொலைநோக்கு இல்லாத பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முதல் வாடிக்கையாளர் செங்கம் சாலையில் ‘மலைநிழல் லாட்ஜ்’ நடத்திய முனுசாமி. ஏற்கெனவே லலிதா மேடத்தின் வாடிக்கையாளர். எதற்குப் போன் செய்தாலும் மேடம் ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க’ என்கிறார் என்பது அவர் குறை. நான் நேரிலேயே வந்து ரீஸ்டார்ட் பண்ணித் தருவதாக வாக்களித்தேன். மனிதர் உருகிவிட்டார்.

அதே சமயம் எனக்குப் பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேத்துப்பட்டில் விதைக்கடை வைத்திருந்த திருமலை என்பவரின் மகள் ரேவதி. ‘பையன் சொந்தமா கம்பெனி வெச்சிருக்கான்’ என்று அப்பா அளந்து வைத்திருந்தார். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறோம், அப்படியே கம்பெனியையும் பார்த்துவிடுகிறோம் என்று அவர்கள் சொல்லியனுப்ப, நான் கெத்தாக மலைநிழல் லாட்ஜில் திருமலை பெயரில் இரண்டு ரூம் போட்டேன்.

முனுசாமியின் லாட்ஜைப் பௌர்ணமிக்கு முந்தின நாள் புது மென்பொருளுக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தேன். வருகிறவர்கள் கண்முன் ‘சிகரம்’ ஓட வேண்டும் அல்லவா?

“பௌர்ணமி நேரத்துல எவனாவது இதெல்லாம் மாத்துவானா? கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், சொல்றதக் கேளு” என்று கத்திவிட்டுக் கிருத்திகா ஊருக்குப் போய்விட்டாள்.

கோடு முழுவதையும், முனுசாமி கொடுத்த லாட்ஜ் பதிவுகளையும் ஒன்றாகப் போட்டு, ‘மலை’ என்று இருக்கும் இடங்களையெல்லாம் ‘சிகரம்’ என்று மாற்று எனக் கம்ப்யூட்டருக்கு ஒரே உத்தரவு கொடுத்தேன். எத்தனை இடத்தில் மாற்றினேன் என்று அது ஒரு நீளமான எண்ணைக் காட்டியது. நம் பழைய கம்பெனி எவ்வளவு தற்பெருமை பிடித்தது, இத்தனை இடத்திலா தன் பெயரை எழுதி வைத்திருக்கும் என்று பாஸ்கரிடம் சொல்லிச் சிரித்தேன்.

பௌர்ணமி அன்று மாலை முனுசாமி போன் செய்தார்.

“தம்பி, இன்னாபா இது? ஊருக்குப் பேரு மாத்திட்டாங்களா?”

“புரியலைங்க.”

“பில்லுல ‘சிகரம்நிழல் லாட்ஜ், திருவண்ணாசிகரம்’னு வருதே!”

வண்டி எதுவும் ஓடாத நாள். பாஸ்கரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். ஊரே மலையை வலம் வர, நாங்கள் இருவர் மட்டும் எதிர்த்திசையில் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினோம். (அந்தப் பாவமும் எங்கள் கணக்கில்தான் இருக்கும்.)

லாட்ஜ் வாசலில் ஒரு கூட்டமே செல்போனை ஆட்டிக்கொண்டு நின்றது. எல்லோருக்கும் எங்கள் வரவேற்புச் செய்தி போயிருந்தது. ஒருவர் உரக்கப் படித்தார்: “‘அண்ணாசிகரம்யார் அருளால் வருகை தரும் ஏழுசிகரம் அவர்களே!’ டேய், என் பேரு போனாப் போவுது, சாமி பேருலயே கைய வெச்சிட்டீங்களாடா?”

“கவர்மென்ட்டு ஆர்டரா இருக்கும் சார்” என்றார் பக்கத்தில் நின்றவர். “எப்ப எந்த ஊரு பேரு மாறும்னு யாருக்குத் தெரியுது?”

மூன்றாமவர் மறியலுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அதைவிடப் பெரிய வினை வரவேற்பறையில் நடந்துகொண்டிருந்தது. எங்கள் மாவட்டத்தில் ஆண்பிள்ளை என்றால் அண்ணாமலை, ஏழுமலை, திருமலை. ரூம் போட்டவர்களில் பாதிப் பேர் இவர்கள்தான். அந்தப் பெயரைத் தட்டினால் அப்படி யாருமே இல்லை என்றது கம்ப்யூட்டர். வரவேற்பில் இருந்த பெண் அதை நம்பி அவர்களைத் திருப்பிவிட்டு, ‘சிகரம்’ பெயர்களில் யாரும் வராததால் அந்த ரூம்களை வந்து கேட்ட மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள். நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது மேலே ஒரு கம்பீரமான குரல் கேட்டது.

“திருமலை, சேத்துப்பட்டு. ரூம் போட்டிருக்குதும்மா.”

“திருமலைன்னு யாரும் இல்லைங்களே. சேத்துப்பட்டுல இருந்து திருசிகரம்னு ஒருத்தர் இருக்காரு. நீங்களா?”

“யாரும்மா அவன்?”

கூடவே என் அப்பாவின் குரல். “எம்பையன் கம்பெனி சாஃப்ட்வேருங்க இது, தப்பே வராது.”

முனுசாமி குனிந்து என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். “இதோ நிக்கறாரு, இவுருதான் ஊர மாத்துனவரு!”

பெண் வீட்டார் என்னை முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான். வணக்கம் சொன்னேன். கையில் ஒயர் இருந்தது.

பதற்றத்தில் எனக்குத் தோன்றியது ஒரே வழி. ‘சிகரம்’ என்று இருப்பதையெல்லாம் திரும்ப ‘மலை’ ஆக்கு என்று தட்டினேன். அண்ணாமலைகள் திரும்பி வந்தார்கள். ஏழுமலைகள் வந்தார்கள். ஊரும் வந்தது, சாமியும் வந்தார். திரையின் உச்சியில் ‘மலை’ என்று பழைய கம்பெனியின் பெயரும் ஜம்மென்று வந்து உட்கார்ந்தது.

“மச்சான்” என்றான் பாஸ்கர் மெதுவாக, “நம்ம கம்பெனி போச்சுடா.”

அந்த நேரம் பார்த்து, முனுசாமி போன் போட்டு வரவழைத்த லலிதா மேடம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார்.

“நம்ம ‘மலை’தானே ஓடுது? ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?”

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் என்னை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, யார் எந்த ரூமில் இருக்கிறார்கள் என்று சரிபார்த்தார். இடமில்லாத அண்ணாமலைகளைத் தனக்குத் தெரிந்த மற்ற லாட்ஜுகளுக்கு அனுப்பினார். கடைசியில் மிஞ்சியது சேத்துப்பட்டுக் குடும்பம்.

“கவலைய வுடுங்க சம்பந்தி” என்றார் அப்பா. “பையன் ஹெட் ஆபீஸே பக்கத்துலதான் இருக்குது. அங்க தங்கிக்கலாம்.”

கண்ணைக் காட்டினேன். காலை மிதித்தேன். அப்பா முன்னால் நடந்துவிட்டார்.

அறைக் கதவைத் திறந்தேன். எல்லோரும் உள்ளே வந்தார்கள். அதாவது, நால்வர் உள்ளே வந்தார்கள், மற்றவர்களுக்கு இடமில்லை. ரேவதியின் அம்மா சுற்றிலும் பார்த்தார்.

“ஆபீஸ் எங்க தம்பி?”

“இதுதாங்க.”

“இல்ல… ஆபீஸு?”

பாஸ்கர் ஃபேனைப் போட்டான். அது அவன் பக்கம் திரும்பியது. அப்பா எதிர்ச் சுவரைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் முறிந்தது என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். அப்போதுதான் அதுவரை வாயைத் திறக்காத ரேவதி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டாள்.

“ஒரு சந்தேகங்க. திருப்பதிலயும் இதையே போட்டிருந்தா ஏழுமலையான் என்னா ஆயிருப்பாரு?”

இனி இழக்க என்ன இருக்கிறது? யோசித்து உண்மையைச் சொன்னேன். “ஏழுசிகரம்யான்.”

அவள் சிரித்த சிரிப்பில் பிளாஸ்டிக் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ‘பாக்க வந்த எல்லாரும் பெருமை அடிச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் முழுசா மாட்டிக்கிட்டு நின்னீங்க, அதான் சரின்னு சொன்னேன்’ என்று கல்யாணத்துக்குப் பிறகு காரணம் சொன்னாள்.

‘சிகரம்’ அதற்குமேல் உயரவில்லை. மூவரும் மேடத்திடமே திரும்பினோம். அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. ஆனால் திறந்த கம்பெனி அல்லவா? எங்கள் பிழைகளைப் பதியும் பொதுப் பக்கத்தில் ‘ஊரைக் காணவில்லை’ என்ற தலைப்பில் என் சாதனையை விலாவாரியாக எழுதிவிட்டார். உலகத்தில் யாரும் படிக்கலாம். ஜெர்மனிக்காரர் ஒருவர், ‘அந்த ஊர் இப்போது நலமாக இருக்கிறதா?’ என்று அக்கறையாகக் கேட்டிருந்தார்.

மாமனாரை இன்று சேத்துப்பட்டுக் கடைத்தெருவில் எல்லோரும் ‘சிகரம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பரப்பியவரே அவர்தான். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்குகிறார். சேத்துப்பட்டில் கிளம்பும்போதே தவறாமல் எனக்குப் போன் வரும்.

“மாப்ள, கெளம்பிட்டோம். கதவத் தட்டுனா என்னா பேரு சொல்லணும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் ரேவதி அடுப்படியிலிருந்து கத்துவாள்.

“பழைய பேரே சொல்லுங்கப்பா! அவரு இன்னும் எதையும் தொடல!”