பிழை பார்க்க ஆள் தேவை

"புத்தகமா, மெஷினா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க," என்று சந்தனக் கிண்ணத்தோடு வழிமறித்தாள் மனைவி அமராவதி.

மணவாளனுக்குத் திக்கென்றது. அவர் கையில் இருந்தது பேசும் புத்தகம். சிலேட்டு அளவில் ஒரு மின்கருவி. குழந்தைகள் கதையைத் திரையில் படிக்கலாம். யானைப் படத்தைத் தொட்டால் பிளிறும், ஆட்டைத் தொட்டால் கத்தும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனி 'பிழை பார்க்க ஆள் தேவை' என்று விளம்பரம் போட்டிருந்தது. கேட்டுப் போனவரிடம் இதைக் கொடுத்தனுப்பினார்கள்.

"வீட்ல வெச்சுப் பாருங்க சார். பிழையெல்லாம் கண்டுபுடிச்சு விஜயதசமி அன்னிக்கி வந்து சொல்லுங்க."

சிதம்பரத்து அச்சகம் ஒன்றில் வருஷக்கணக்காகப் புரூஃப் பார்த்தவர் மணவாளன். அச்சகம் மூடியதிலிருந்து வீட்டில் காபி தம்ளர் மாதா மாதம் சிறுத்துக்கொண்டே வந்தது. இந்த வேலையையும் விட்டால் வேறு கதியில்லை.

இன்றோ சரஸ்வதி பூஜை. புத்தகம் என்றால் சாமியிடம் வைத்துவிட வேண்டும். நாளைக் காலை வரை படிக்கக் கூடாது. அவருக்கோ இன்னும் பாதிக் கதை பாக்கி.

"மெஷின்தான்," என்றார் அவசரமாக.

"அப்ப ஆயுத பூஜை!" மிக்சிக்கும் தையல் மெஷினுக்கும் காட்டிய அதே தாராளத்தோடு திரையில் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தாள்.

"அய்யய்யோ! என்னா காரியம் பண்ணிட்ட!"

"மெஷினுன்னு நீங்கதான சொன்னீங்க?"

யானையின் முகத்தையே காணோம். ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தார். பயந்துகொண்டே யானையைத் தொட்டார்.

"மே..." என்றது யானை.

"தண்ணி உள்ள போயிருச்சுங்க. அரிசியில போட்டு வைங்க, ஈரத்த இழுத்துக்கும். என் தம்பி செல்போன அப்பிடித்தான் பொழைக்க வெச்சான்."

அரிசி டின்னுக்குள் போனது புத்தகம். சாயங்காலம் எடுத்தால், பட்டன் இடுக்கில் ஒரு அரிசி சிக்கியிருந்தது. அமராவதி கொண்டை ஊசியைக் கழற்றிக் கொடுத்தாள். மணவாளன் நோண்டினார். அரிசி வெளியே வரவில்லை. பட்டன் உள்ளே போய்விட்டது. அதிலிருந்து யாரும் தொடாமலே 'மே, மே' என்று ஆரம்பித்தது. அணைக்கவும் வழியில்லை.

அமராவதிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னாலதாங்க உங்க வேல போச்சு."

"விடும்மா. புத்தகம்னு உண்மையச் சொல்லியிருந்தா இந்நேரம் சாமிகிட்ட பத்திரமா இருந்திருக்கும்," என்றார். அவள்மேல் கோபப்பட அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை அவள் தம்ளர் நிறையக் காபி கொடுத்தாள். அதுவே அவருக்கு என்னவோ போல் இருந்தது.

கடலூர் பஸ்ஸில் அவர் மடியிலிருந்த பை கத்தியது. கண்டக்டர் நின்றார்.

"ஆட்ட எல்லாம் ஏத்தக் கூடாது சார்."

"ஆடு இல்லப்பா, புத்தகம்."

கண்டக்டர் குனிந்து பையை மோந்து பார்த்தார். சந்தன வாசனை கமகமத்தது.

"கோயிலுக்கு நேர்ந்துவுட்டதா சார்? சரி, கால்கிட்ட வெச்சுக்குங்க."

கம்பெனியில் வரவேற்பு மேஜையில் இருந்த இசைவாணியின் எதிரே, கத்திக்கொண்டிருந்த கருவியை வைத்தார் மணவாளன்.

"ஒரே ஒரு பிழைதாம்மா கண்டுபுடிச்சேன். 'யானை கத்தியது'ன்னு போட்டிருக்கு. 'பிளிறியது'ன்னு வரணும். அதுக்கப்புறம்..." தலையைக் குனிந்துகொண்டு சந்தனம், ஈரத் துணி, அரிசி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் ஒப்பித்தார். "மன்னிச்சிக்கம்மா. நான் கெளம்புறேன்."

இசைவாணி கம்ப்யூட்டரில் மடமடவென்று தட்டிக்கொண்டிருந்தாள். "இருங்க சார். கொண்டை ஊசிய எந்தப் பக்கமா குத்துனீங்க?"

"வலப் பக்கம். ஏம்மா, போலீசுக்கா?"

"உக்காருங்க சார், மொதலாளி வந்துடுவாரு. இங்க பிழை பாக்கறதுன்னா, இது வீட்ல எப்பிடியெல்லாம் கெட்டுப்போவும்னு பாக்கறதுதான். உங்களுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் பத்திரமா திருப்பிக் குடுத்து வேலையக் கோட்ட விட்டுட்டாங்க!"