ஜூலை மாதத்தில் முயல் கதை

மரியாதைக்குரிய மச்சான் அம்ப்ரோஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை டெல்ஃபினின் கணவன் இசிடோர் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம், என்னைத் தவிர. அங்கே நீங்களும் உங்கள் மூட்டுவலியும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

போன தடவை வந்தபோது, சமையலறைத் தரையில் ஒட்டிய லினோலியம் விரிப்பில் ஒரு மூலையைக் காணோமே, நாய் தின்றுவிட்டதா என்று கேட்டீர்கள். நாய் இல்லை, உங்கள் தங்கைதான். அதை வெட்டியெடுத்துத்தான் முயல், நாரை, கரடி என்று செதுக்கிக்கொண்டிருந்தாள். மை தடவிக் காகிதத்தை மேலே விரித்ததும் மரக்கரண்டியால் அழுத்தித் தேய்த்துப் படத்தை அச்செடுப்பது என் வேலை. அதே கரண்டியால் கலக்கிய மீன் சூப்பையும் குடித்திருக்கிறேன். வருஷக்கணக்கான அந்த உழைப்புக்கு இப்போதுதான் நகரத்தில் ஒரு காட்சிக்கூடம் கதவைத் திறந்தது. செப்டம்பரில் அவளுடைய முதல் கண்காட்சி.

அதற்காகப் படங்களைப் பார்க்கக் காட்சிக்கூடத்திலிருந்து ஹார்லோ அம்மாள் என்று ஒருத்தி வந்தாள். கொடியில் மீனுக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த முயல் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நல்ல பெண்தான். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அதன் கதையை எழுதி ஒட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் மேலிடம் படத்தை மாட்ட விடாதாம்.

"இந்த முயல் என்ன பண்ணுது?"

"பனி விழுந்தப்புறம் வாங்க, சொல்றேன்."

"கண்காட்சி செப்டம்பர்லங்க!"

"அதுக்கு முயல் என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டு டெல்ஃபின் மை உருளையைக் கழுவப் போய்விட்டாள்.

தரையில் பனி கிடக்கும்போதுதான் நம் முன்னோர்களின் அந்தக் கதைகளைச் சொல்லலாம், கோடையில் சொன்னவன் படுக்கையில் தேரை ஏறும் என்பது எனக்குத் தெரியாதா மச்சான்? ஆனால் அந்த முயலை யாருமே பார்க்காமல் போய்விடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. அம்மாளை வழியனுப்பப் படகுத்துறைக்குப் போனவன், அங்கேயே கதையைக் கொட்டிவிட்டேன். மெதுவான குரலில்தான் சொன்னேன்.

மறுநாள் காலை பூட்ஸுக்குள் காலை விட்டால், உள்ளே ஒரு தேரை. தற்செயல் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, டெல்ஃபினிடம் மூச்சுவிடாமல் அதை வெளியே விட்டேன். அன்றைக்குப் படுக்கப் போனால் தலையணை மேல் ஒன்று, போர்வைக்குள் ஒன்று. நான் போட்ட கூச்சலில் அவள் ஓடிவந்தாள்.

"யாருகிட்ட வாயத் தொறந்த?"

"நானா? கொட்டாவி விடக்கூடத் தொறக்கல."

"தேரைக்குப் பொய் சொல்லத் தெரியாது, இசிடோரு."

அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. பாத்திரம் கழுவுவது, மீன் கழுவுவது எல்லாம் நான்தான். படங்களையெல்லாம் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டாள், கண்காட்சியைப் பற்றி வாயே திறக்கவில்லை. உதவுகிறேன் என்று போய் நானே கெடுத்துவிட்டேன், மச்சான். நீங்கள் ஒரு நடை வந்து சொல்லுங்கள், கேட்பாள். கேட்காவிட்டாலும் உங்களைத் திட்டுகிற நேரமாவது எனக்கு ஓய்வு.

இந்தக் கடிதத்தை அவள் கண்ணில் படாத இடத்தில் வைத்திருந்து, நாளைத் தபாலில் சேர்த்துவிடுவேன். உங்கள் வலையில் மீன் நிறையவும், உங்கள் போர்வைக்குள் நீங்கள் மட்டும் இருக்கவும் வேண்டும்,

இசிடோர்

பி.கு. அண்ணா, இது டெல்ஃபின். உன் மச்சான் எதை மறைத்தாலும் மாவு டப்பாவில்தான் மறைப்பார். ஹார்லோ அம்மாள் மறுநாள் மத்தியானமே போன் பண்ணி, கதை சரிதானா என்று எனக்குப் படித்துக் காட்டினாள். முயலைப் பாதி வழியில் மறந்துவிட்டு நரி கதைக்குப் போயிருக்கிறார். அதைக் கதை சொன்னதாகவே சேர்க்க முடியாது. கிழித்துப் போடச் சொல்லிவிட்டேன். கண்காட்சி ஜனவரிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. பனி விழுந்ததும், கதை கேட்க வருகிறவர்கள் நம் வழக்கப்படி கொடுக்கும் புகையிலையோடு வந்து முறையாகக் கேட்கிறாளாம், சொல்வேன். படங்களைச் சுருட்டியது ஈரம் படாமல் இருக்கத்தான். படுக்கையில் தேரைகளைப் போட்டதும் நான்தான். எனக்காகத்தான் உளறினார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் இப்போதைக்குச் சொல்லிவிடாதே, பாத்திரம் பளபளவென்று கழுவுகிறார்.

ஒன்று மட்டும், அண்ணா. பூட்ஸுக்குள் இருந்த தேரையை நான் போடவில்லை. இதைப் படித்துத்தான் எனக்கே தெரியும். இன்றைக்குப் போர்வையை உதறிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.